இளநீரும் வாழைத்தண்டும்

ரங்கூன்
டிசம்பர் 14

அன்புள்ள பார்வதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. வயலில் அறுவடை நடக்கும்போது எங்கள் வார்டில் கட்டில் காலியிருக்காது. நெல் அறுக்கப் போனவர்களைக் கண்ணாடிவிரியன் கடிக்கிறது. விஷம் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அண்ணனுக்கு, அதான் உன் வீட்டுக்காரருக்கு, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரத்தத்தில் ஏறிவிட்டது, டயாலிசிசுக்காகக் கையில் ஃபிஸ்டுலா வைக்கச் சொன்னார்கள், அவர் மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தாய். கடைசியில், போகிறபோக்கில், "தினமும் வாழைத்தண்டுச் சாறு, வாரம் இரண்டு இளநீர் கொடுக்கிறேன்" என்று ஒரு வரி. முதலில் அதை நிறுத்து. மற்றதெல்லாம் பிறகு.

கல் அடைப்புக்கு வாழைத்தண்டு என்பது நம் பாட்டிகள் சொன்னது. அண்ணனுக்கு வந்திருப்பது கல் அல்ல. மிஞ்சிய பொட்டாசியத்தை நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அது முடியாது. இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கும். பல சமயம் முன்கூட்டி ஒரு அறிகுறியும் தெரியாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய.

போன மாதம் பெகு பக்கத்திலிருந்து ஒரு தமிழ்ப் பையன் வந்தான், இருபத்துநாலு வயது. வந்ததும் இரத்தம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து கொடுத்தார்கள். ஆனால் மறுநாள், குழாய் வழியாகச் சிறுநீர் சேரக் கட்டிலில் மாட்டிய பையில் ஒரு சொட்டு இல்லை. டயாலிசிஸ் தொடங்கினோம்.

இந்த நாட்களில் என் வேலையே அளப்பதுதான். முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அதோடு 500 மில்லி, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. கஞ்சி, டீ, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். தாகம் தாங்காமல் அழுவான். வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வேன், ஐஸ் துண்டை எண்ணிக் கொடுப்பேன். அவன் அம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எட்டாம் நாள் காலை நாடி சரியில்லை. இசிஜியில் அலைகள் கூடாரம் போல ஊசியாக எழும்பியிருந்தன. கட்டிலுக்கடியில் பார்த்தால் டீ ஃபிளாஸ்க் நிறைய இளநீர்! காளி கோயில் அபிஷேகத்துக்கு வாங்கியதில் மிச்சமாம். அம்மனுக்குக் கொடுத்தது பிள்ளைக்கு ஆகாதா என்று கேட்டார். அந்தத் தாயைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவசரமாக மெஷினில் போட்டுப் பிழைக்கவைத்தோம்.

பதினாறாம் நாள் பையில் 40 மில்லி. கறுத்த டீ நிறம். நான் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். அடுத்த வாரம் ஒரே நாளில் மூன்று லிட்டர் கொட்டியது. சிறுநீரகம் திரும்பும்போது முதலில் அப்படித்தான், கட்டுப்பாடில்லாமல் ஓடும். அப்போது ஈடுகட்டாவிட்டால் உடம்பு வற்றிவிடும். "நேற்றுவரை தண்ணீர் கேட்டால் முறைத்தீர்கள், இன்று குடி குடி என்கிறீர்களே ஸயாமா" என்றான். (நர்ஸம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

அண்ணனுக்கு இப்படித் திரும்பாது, பார்வதி. சர்க்கரையால் வருஷக்கணக்கில் தேய்ந்தது. உன்னிடம் நானே சொல்லிவிடுவது நல்லது. டயாலிசிஸ் என்றால் ஒரு தடவைக்கு 4 மணி நேரம், பெரும்பாலும் வாரம் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் இரத்தத்தின் ஓரமாக ஓடுகிறது. (மின்சாரம் போனால் நாங்கள் கைப்பிடியைச் சுற்றி இரத்தத்தை உடம்புக்குத் திருப்புகிறோம். என் வலது தோள்வலியின் கதை அதுதான்.)

அதற்காகத்தான் இப்போதே ஃபிஸ்டுலா. கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துவிடுவார்கள். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் எழுதிய முறை, இன்றும் அதைவிட நல்லது வரவில்லை. சிரை தடிக்க ஒன்றிரண்டு மாதமாவது வேண்டும், மூச்சு வாங்கும்போது போய் நின்றால் நேரம் இருக்காது. வைத்தபின் தினமும் காலையில் அந்த இடத்தில் விரலை வை. உன் தையல் மெஷின் ஓடும்போது மேசையில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, அது இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி குத்தவோ யாரையும் விடாதே, டாக்டரே கேட்டாலும். இப்போதே இடது கையைக் காப்பாற்றி வை.

சாப்பாட்டில்தான் சண்டை வரும். மோல்மேன் ஊர்க்காரரிடம் ஙப்பி, அந்த உப்பு மீன் விழுது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது! காலையில் சாப்பிடும் மொஹிங்கா நூடுல்ஸில் மீன்சாறும் உண்டு, வாழைத்தண்டும் உண்டு. உப்பு சேர்ந்தால் தாகம், தாகம் சேர்ந்தால் தண்ணீர், தண்ணீர் கடைசியில் நுரையீரலில். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதையும் வாங்காதே, அதில் பொட்டாசியம்தான் இருக்கிறது. காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. நட்சத்திரப் பழம் கண்ணிலேயே காட்டாதே. விக்கலில் தொடங்கி வலிப்பில் முடியும். முட்டிவலிக்கென்று கடையில் கலந்து கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலத்தைத் தூக்கி எறி. பருப்பு, மீன் எவ்வளவு என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். டயாலிசிசுக்கு முன் ஒரு கணக்கு, பின் வேறு கணக்கு.

தினமும் விடிந்ததும், சிறுநீர் கழித்த பிறகு, அதே கைலியோடு எடை பார்த்து நோட்டில் எழுது. அடுத்த கடிதத்தில் அந்த எண்களை அனுப்பு. அண்ணன் முரண்டு பிடித்தால் பொங்கலுக்கு நானே பஸ் ஏறி வருகிறேன். நான் பேசினால் கேட்பார், உன் கல்யாணத்தில் அவரை மூன்று மணி நேரம் காக்கவைத்தவள் நான்தானே.

பையன் நேற்று வீட்டுக்குப் போனான். அவன் அம்மா போகும்போது என் மேசையில் ஒரு இளநீரை வைத்து, "இது உங்களுக்கு" என்றார். குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்புடன்,
உன் தனம்