மலையேறும் போரர் வண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயிலைப் பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். தண்ணீர்ப் பஞ்சம், மின்வெட்டு எல்லாம் எழுதியிருந்தீர்கள். பூச்சிகளைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம். அல்சூரில் இருபத்திரண்டு வருடமாகக் காபித்தூள் கடை நடத்துகிறேன். வெயில் ஏறுவது எனக்குக் கொட்டையிலேயே தெரிகிறது.

வறுப்பதற்கு முன் கொட்டையை முறத்தில் பரப்பிப் பொறுக்குவோம். போரர் என்ற வண்டு விழுந்த கொட்டையில் குண்டூசி குத்தினாற்போல ஓர் ஓட்டை இருக்கும், சுற்றிலும் நீலம் பாய்ந்த கறை. உடைத்தால் உள்ளே மாவாக உதிரும்.

காய்த்துளைப்பான் என்று புத்தகத்தில் போடுவார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் அது போரர்தான். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்பு வண்டு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது இந்தியாவில் முதலில் அகப்பட்டது 1990இல், நீலகிரிக் கூடலூர்ப் பக்கம். அது கடல் தாண்டி வந்ததற்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மலையில் எதுவரை ஏறும் என்பது குளிரின் கையில் இருக்கிறது. சுமார் 15 டிகிரிக்குக் கீழே அதன் முட்டையும் புழுவும் வளர்வதில்லை. 500 அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். அப்படியானால் ஒரு டிகிரி சூடு கூடினால், அதற்கு மேலே இன்னொரு 500 அடிக்கு வழி கிடைத்துவிடுகிறது. கிளிமஞ்சாரோ சரிவில் முன்பு இல்லாத உயரத்தில் இப்போது இருக்கிறது. பொதுவாகப் பயிர்ப் பூச்சிகளும் நோய்களும் 1960 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 2.7 கி.மீ. துருவங்களை நோக்கி நகர்ந்திருப்பதாக 2013இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

எனக்குச் சரக்கு அனுப்பும் அண்ணன் ஒருவருக்கு 4,000 அடி உயரத்தில் சின்னத் தோட்டம். "எங்க குளிருக்குப் போரர் வராதும்மா" என்பார். போன தை மாதம் அவர் மூட்டையிலேயே ஓட்டைக் கொட்டைகள். போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ராத்திரி இப்ப போர்வையே தேவைப்படல" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

காய்க்குள் புகுந்துவிட்ட வண்டை மருந்து எட்டாது. பறிப்பு முடிந்ததும் செடியில் விட்டுப்போன காய், கீழே உதிர்ந்த காய் எல்லாவற்றையும் பூ மழைக்கு முன், அதாவது காபிச் செடியைப் பூக்க வைக்கும் கோடை மழைக்கு முன், பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மழை ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் வண்டுகள் கிளம்பிப் புதுக் காய் தேடும். இதுவரை போரரைப் பார்க்காத உயரத் தோட்டக்காரருக்கு இந்தப் பழக்கமே இருக்காது.

உங்கள் வானிலைக் கட்டத்தில் நகரங்களின் பகல் உச்சம் மட்டும் வருகிறது. கூடலூர், ஏற்காடு, மடிகேரி மூன்றுக்கும் இரவுக் குறைந்தபட்ச வெப்பத்தையும் தயவுசெய்து போடுங்கள். காபி வாரியத்தின் தலைமை அலுவலகம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. அவர்களிடம் பூச்சி நிலவரம் கேட்டு வாரம் ஒரு முறை எளிய தமிழில் வெளியிடுங்கள். தைக்குள் தொடங்கினால் இந்தப் பறிப்புக்கே உதவும்.

இப்படிக்கு,
காபித்தூள் கடை நடத்தும் வாசகி,
அல்சூர், பெங்களூரு