ஒரு திகதி சொல்லுங்கோ, ஐயாமாரே

ஆமி பிடிச்சு வைச்சிருக்கிற எங்கட காணியளை விடுவிக்கிற விசயத்தில முடிவெடுக்கிற அரசாங்கத்து ஐயாமாருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. மேப் உங்கட மேசையில கிடக்கு, எங்களிட்ட காணி உறுதிப் பத்திரம் மட்டும்தான் கிடக்கு. போன கிழமையும் ஒரு கூட்டத்தில "படிப்படியாக விடுவிப்பம்" எண்டு சொல்லக் கேட்டன். 1990 சண்டையில இடம்பெயரேக்க எனக்கு ஒன்பது வயசு, இப்ப மீசை நரைச்சிட்டுது, இன்னும் எத்தினை படி இருக்கு எண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை.

2025 சித்திரை 10 ஆம் திகதி ஆமி வலயத்துக்குள்ளால போற பலாலி வசாவிளான் ரோட்டை 35 வருசத்துக்குப் பிறகு திறந்தீங்கள். சந்தோசம்தான், பொய் சொல்லேல்ல. அந்தக் கிழமையே அம்மாவை வானில ஏத்திக்கொண்டு போனன். அப்ப காலமை 6 மணியில இருந்து பின்னேரம் 5 மணி மட்டும்தான் போகலாம், 40 க்கு மேல ஓடக்கூடாது, நடக்கக்கூடாது, இடையில நிப்பாட்டக்கூடாது, திருப்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. சரி, வழிக்குப் போறம் தானே எண்டு நானும் தலையாட்டிப்போட்டுப் போனன்.

அம்மாவுக்கு 78 வயசு, ஒரு கண்ணில வெள்ளை படர்ந்திட்டுது. வேலியும் இல்லை, பனையும் இல்லை, வீடு இருந்த இடமே தெரியேல்ல, ஆனா மனுசி என்னெண்டோ கண்டுபிடிச்சிட்டா. "தம்பி நிப்பாட்டு, எங்கட கிணத்துக்கட்டு தெரியுது" எண்டா. நான் நிப்பாட்டேல்ல. பெத்த தாய் கேட்டும் நிப்பாட்டேல்ல ஐயா. எங்கட 14 பரப்புக் காணியை 40 இல ஓடிக் கடக்க அஞ்சு செக்கன் எடுத்திருக்கும், அவ்வளவுதான், அவ கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டே வந்தா, வீட்டை வந்து சாப்பிடவும் இல்லை கதைக்கவும் இல்லை, இரவு படுக்கிற நேரம் மட்டும் மெல்லமாக் கேட்டா, "கோவா நட்டிருக்கிறாங்கள் என்ன, தண்ணி எங்கட கிணத்தில தானே இறைக்கிறாங்கள்?"

நான் என்னத்தைச் சொல்ல, நித்திரை மாதிரிக் கிடந்தன்.

அதால கேக்கிறன், அந்தக் காணி எப்ப வரும்? ஒரு திகதி சொல்லுங்கோ.

2013 இல 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போறம் எண்டு நோட்டீஸ் ஒட்டேக்க, உரிமையாளரை அடையாளம் காண முடியேல்ல எண்டு எழுதினவை. அந்த நேரம் அம்மா ஒரு சில மைல் தள்ளி நலன்புரி முகாமில கியூவில நிண்டு நிவாரணம் வாங்கிக்கொண்டிருந்தவ, அந்த அட்டையில பேர், ஊர் எல்லாம் நீங்களே எழுதித் தந்ததுதான். கடைசியில ரெண்டாயிரத்துக்கு மேல காணிக்காரர் கோட்டுக்குப் போய் "நாங்கள் இஞ்சதான் இருக்கிறம்" எண்டு சொல்லவேண்டி வந்தது. சரி அது பழைய அரசாங்கம் எண்டுவீங்கள். 2025 பங்குனியில வந்த கசற் அறிவித்தல் ஆற்ற? வடக்கில கிட்டத்தட்ட 5,940 ஏக்கருக்கு மூண்டு மாசத்துக்குள்ள உரிமை காட்டு, இல்லாட்டி அரச காணி எண்டு. சனம் கத்தி, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் அடங்கினது. 2024 தேர்தலில யாழ்ப்பாணத்தின்ர ஆறு சீட்டில மூண்டை உங்களுக்குத் தந்த சனம் ஐயா இது. அந்த வோட்டு சும்மா விழேல்ல.

இப்ப காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் எண்டு கைத்தொழில் வலயம் வருமாம், முதலீட்டாளர் வருவினமாம். வரட்டும், நல்லது. ஆனா காங்கேசன்துறையில 1950 இல இருந்து ஓடின சீமெந்துத் தொழிற்சாலை 1990 ஓட நிண்டது ஏன் எண்டு வாறவைக்கு ஆர் சொல்லுறது? இந்தச் செம்மண்ணில வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போட்டுத்தான் எங்கட அப்பாமார் பிள்ளையளைப் படிப்பிச்சவை. இண்டைக்கு எங்கட சந்தைக்குத் தம்புள்ளையில இருந்து லொறியில மரக்கறி வருது, எங்கட மண்ணில ஆமி தோட்டம் செய்யுது, கடற்கரையில ஆமி ஹோட்டலும் நடத்துது. உலகத்தில வேற எந்த நாட்டில இதுக்குப் பேர் அபிவிருத்தி எண்டு தெரியேல்ல. 2022 இல நாடு வங்குரோத்தாகி எல்லாரும் பெற்றோல் கியூவில நிண்டு அழேக்க, நாங்கள் பெரிசா அழேல்ல, சண்டைக்காலப் பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடி ஜாம்போத்தல் விளக்கில படிச்ச ஆக்கள், பழகிப்போச்சு. பழகினதுக்காக இதையும் பழகச் சொல்லாதேங்கோ.

கோவத்தில எங்கையோ போட்டன், குறை நினையாதேங்கோ. பலாலி விமான நிலையத்துக்குக் காணி வேணும் எண்டால் அதை மறுக்கேல்ல. 2019 இல அதைச் சர்வதேச விமான நிலையமாத் திறந்தது எங்களுக்கும் பிரயோசனம்தான். உண்மையா எவ்வளவு வேணும் எண்டு அளந்து சொல்லுங்கோ, அதுக்கு நட்டஈடு கதைப்பம். மிச்சம் ரெண்டாயிரம் ஏக்கருக்கு மேல கிடக்கிறதில எந்தத் துண்டு எப்ப எண்டு எழுத்தில தாங்கோ. சண்டை முடிஞ்சது 2009 வைகாசியில, பாதுகாப்பு எண்ட சொல்லைக் கொஞ்சநாள் ஓரமா வைச்சிட்டு யோசியுங்கோ.

படிப்படியாக எண்டு மட்டும் பதில் போடவேண்டாம், தயவுசெய்து. நாள், மாசம், வருசம். அம்மான்ர கட்டிலுக்கு மேல ஒரு கலண்டர் தொங்குது, அதில குறிச்சுக் குடுக்கவேணும்.

இப்படிக்கு,
வசாவிளான்காரன் ஒருத்தன், இப்பவும் வாடகை வீட்டில.