பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை: சென்னை வீட்டு ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு ஓனர் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். பதினான்கு வருடமாக இந்த ஊரில் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது இருப்பது ஐந்தாவது வீடு. பால் காய்ச்சிக் குடிவருகிற அன்றைக்கு நீங்களும் நாங்களும் சொந்தக்காரர்கள் மாதிரிப் பேசிக்கொள்கிறோம். காலி செய்கிற அன்றைக்கு மட்டும் முகம் பார்த்துப் பேச முடிவதில்லை. எல்லாம் அந்த அட்வான்ஸ் கணக்கால் வருவது.

போன வீட்டில் வாடகை 18,000, அட்வான்ஸ் 90,000. நாலு வருடம் இருந்துவிட்டுச் சாவியைக் கொடுக்கப் போனபோது, ஓனர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பெயின்டிங் 18,000. க்ளீனிங் 2,000. ஈ.பி. பில் எவ்வளவு வருமோ தெரியாது, 3,000 இருக்கட்டும். மீதி 67,000, அதுவும் அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு.

சுவரில் ஆணி அடித்தோம், இல்லையென்று சொல்லவில்லை. காலண்டருக்கு ஒன்று, சாமி படத்துக்கு இரண்டு. ஆனால் படுக்கையறைச் சுவர் உப்பு பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே. சரி, வீட்டைப் புதிதாக்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து, பழைய முகவரிக்குப் போய்விட்ட கூரியர் ஒன்றை வாங்க அந்த வீட்டுக்குப் போனேன். புதிதாக வந்தவர்கள் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். ஹாலில் மட்டும் ஒரு பூச்சு அடித்திருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால், என் மகனை வருடா வருடம் நிற்க வைத்து உயரம் குறித்த பென்சில் கோடுகள் நாலும் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்ததில் சந்தோஷம்தான், 18,000 ரூபாய் போனதை மறந்துவிட்டால்.

2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் யார் எதைப் பழுதுபார்ப்பது என்று ஓர் அட்டவணையே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் ஓனர் பக்கத்தில் வருகின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் தலையில். ஆனால் அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் விடுகிறது. ஜெராக்ஸ் கடையில் பெயரை மட்டும் மாற்றி அடித்துத் தருகிற அக்ரிமென்ட்டில் ‘ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குப் பிடித்தம்’ என்ற வரி தவறாமல் இருப்பது அதனால்தான். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. இருந்தாலும் பதினோரு மாதம் இருந்தவருக்கும் நாலு வருடம் இருந்தவருக்கும் ஒரே பிடித்தம் என்பது என்ன கணக்கு? பெயின்ட் அடிக்கப் பிடித்த பணத்தில் பெயின்ட் அடிக்க வேண்டாமா?

அட்வான்ஸ் விஷயத்திலும் அப்படித்தான். தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்சம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வருகிறவரை என்று சட்டத்தில் இல்லை. புது வீட்டு ஓனர் முன்பணம் கேட்கும்போது பழைய ஓனரிடம் நம் பணம் நிற்கிறது. நடுவில் அடகுக் கடைக்குப் போவது வீட்டில் இருக்கிற நாலு பவுன்தான்.

அப்புறம் இந்தப் பதினோரு மாத அக்ரிமென்ட். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால், அந்தச் செலவுக்குப் பயந்து வந்த வழக்கம் இது. அதில் யாரும் கவனிக்காத ஒரு கூத்து உண்டு. நம்மூரில் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டோம். ஆவணியிலும் தையிலும்தான் பால் காய்ச்சுவோம். ஆவணியில் வந்தவருக்குப் பதினோரு மாதம் முடிந்தால் ஆடி. தையில் வந்தவருக்கு மார்கழி. போகிறவரும் போக மாட்டார், வருகிறவரும் வர மாட்டார். கெடு முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், அதே நிபந்தனைகளோடு மாதா மாதம் என்று அதிகபட்சம் ஆறு மாதம் வரை தொடர்வதாகவே அந்த 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே தேதி தாண்டிய மறுநாளே மோட்டாரை நிறுத்துவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் வேண்டாம். தண்ணீரையும் கரன்ட்டையும் நிறுத்துவதற்குச் சட்டத்தில் எப்போதுமே இடமில்லை.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்ப வாங்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த ஓனர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியப்பாவே அப்படி அலைந்தவர்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குடிவருகிற அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாக நடந்து செல்போனில் வீடியோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்வோம். உப்புச் சுவரும் அதில் பதியட்டும். காலி செய்கிற அன்றைக்கு அதே மாதிரி இன்னொரு நடை. ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதற்காக உத்தேசமாக மூவாயிரம் பிடிக்காமல் மீட்டரைப் படம் எடுத்து யூனிட்டைக் கணக்குப் போடுவோம். பெயின்டிங் பிடித்தம் வேண்டும் என்றால், இத்தனை வருடத்துக்கு இவ்வளவு என்று அக்ரிமென்ட்டிலேயே எழுதுங்கள். சாவி கைமாறும்போதே பணமும் கைமாறட்டும்.

எங்களுடைய இப்போதைய அக்ரிமென்ட் மார்கழியில் முடிகிறது. ஓனர் அம்மாவிடம் மாடிப்படியில் பார்த்தபோது சொன்னேன். “பொங்கல் முடியட்டும், பேசிக்கலாம்” என்றார். அதையே இரண்டு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று பேப்பரோடு நாளைக்கு மேலே போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் குடியிருக்கும் ஒருத்தி