பொது அரங்க அனுமதியில் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டி மனு

அனுப்புநர்:
ஒருங்கிணைப்பாளர்,
மாதாந்திர விவாத வட்டம்.

பெறுநர்:
மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்கள்,
பொது அரங்குகள் நிர்வாகத் துறை.

பொருள்: எதிர்ப்பு வரக்கூடும் என்பதற்காகக் கூட்ட அனுமதியை மறுப்பதைக் கைவிடவும், எல்லாத் தரப்புக்கும் ஒரே விதியைக் கடைப்பிடிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் மாதம் ஒரு முறை கூடிப் பேசும் சிறிய குழு. நாற்பது பேர் வந்துவிட்டால் அன்று எங்களுக்குத் திருவிழா. சென்ற மாதக் கூட்டத்துக்கு நாங்கள் வைத்திருந்த தலைப்பு, ‘ஒரே வீட்டில் நம்பிக்கையும் நாத்திகமும்’. பேச ஒப்புக்கொண்டவர்கள் ஒரு தாயும் மகளும். தாய் நாள் தவறாமல் வழிபடுகிறவர். மகளுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. இருபது வருடங்களாக ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டும் இருப்பவர்கள். அதை மேடையில் வந்து சொல்லுங்கள் என்றுதான் அழைத்தோம்.

விண்ணப்பம் கொடுத்து ஒன்பதாம் நாள் படிவம் திரும்பி வந்தது. அனுமதி உண்டு, இல்லை என்ற கட்டங்கள் இரண்டும் காலியாக இருந்தன. ஓரத்தில் பென்சிலால் ‘எதிர்ப்பு வரலாம்’ என்று இரண்டே வார்த்தைகள். கையெழுத்தும் இல்லை, விதி எண்ணும் இல்லை. நேரில் போய் விசாரித்தேன். யாரோ இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிட்டு, கூட்டம் நடந்தால் சும்மா இருக்க மாட்டோம் என்று சொன்னார்களாம். மேசையில் இருந்த ஊழியர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார். “உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க, ஆனா எனக்கு எதுக்கு வம்பு?” என்றார். அவரைக் குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் பென்சிலைத்தான் எடுத்திருப்பேனோ என்னவோ. வம்பு வந்தால் துறை தன் பின்னால் நிற்கும் என்ற தைரியம் அவருக்கு இல்லை. அதைக் கொடுக்க வேண்டியது தங்கள் இடம் என்பதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

நடந்ததைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். மிரட்டியவர்கள் இரண்டு பேர். பேச இருந்தவர்களும் இரண்டு பேர். அரசு அலுவலகம் வாயை மூடச் சொன்னது மிரட்டியவர்களை அல்ல. அடுத்த முறை வேறொரு கூட்டத்தை நிறுத்த என்ன வழி என்பதை நாமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். இரண்டு அழைப்பு போதும், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். தொலைபேசி ஒன்று இருந்தால் மூடிவிடலாம் போலிருக்கிறது.

அமைதியைக் காக்க வேண்டிய பொறுப்பு துறைக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. வரம்பே இல்லாத பேச்சு வேண்டும் என்றும் கேட்கவில்லை. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் பிரிவு, தலையீடு இல்லாமல் கருத்து வைத்திருக்கவும் அதைச் சொல்லவும் கேட்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்கிறது. 1966இல் வந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கை அதற்கு வரம்பையும் சேர்த்தே வைத்தது. கட்டுப்பாடு போடலாம், ஆனால் அது சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், தவிர்க்க முடியாத தேவையும் இருக்க வேண்டும். பென்சில் குறிப்பு இதில் எந்த வகையில் சேரும்? அதே உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, இனம், மதம், தேசியம் சார்ந்த வெறுப்பைக் கிளப்பிப் பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ தூண்டுவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்கிறது. எங்கள் தாயும் மகளும் யாரை அடிக்கத் தூண்டப்போகிறார்கள்? ஒருவரை ஒருவர் வேண்டுமானால் முறைத்துக்கொள்வார்கள்.

எது தூண்டுதல், எது வெறும் கசப்பான பேச்சு என்று பிரிப்பது சுலபம் அல்லதான். ஆனால் அதற்கும் வழி யோசித்து வைத்திருக்கிறார்கள். 2012இல் மொராக்கோவின் ரபாத் நகரில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூட்டிய நிபுணர்கள் ஆறு கேள்விகளை வகுத்தார்கள். சூழல் எப்படி, பேசுபவர் யார், அவர் நோக்கம் என்ன, என்ன சொல்கிறார், எத்தனை பேருக்குப் போய்ச் சேரும், அதனால் கேடு விளைய எவ்வளவு வாய்ப்பு என்பவை அவை. ஆறில் ஒன்றுகூட ‘கேட்பவருக்குக் கோபம் வருமா?’ என்பது அல்ல. கோபம் வரத்தான் செய்யும். எல்லாருக்கும் பிடித்ததை மட்டும் பேச யாருக்கும் அனுமதியே தேவைப்படாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976இல் ஹேண்டிசைடு வழக்கில் இதையே சொன்னது. புண்படுத்துகிற, அதிரவைக்கிற, தொந்தரவு செய்கிற கருத்துகளுக்கும் இந்த உரிமை பொருந்தும் என்றது.

இனி, என் தரப்புக் குறையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்த மனு பாதிப் பொய்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே அரங்கில் ஒருவர் பேச வந்தார். பெண்கள் படித்து வேலைக்குப் போவதுதான் குடும்பங்கள் கெட்டுப்போகக் காரணம் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தவர். அவருக்கு அரங்கம் தரக் கூடாது என்று தங்கள் துறைக்கு ஒரு மனு வந்தது. அதை எழுதியவன் நான். சகிப்பின்மையைச் சகித்துக்கொண்டே போனால் கடைசியில் சகிப்பே அழிந்துவிடும் என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1945இல் எழுதியதை அதில் பெருமையாக எடுத்துப் போட்டிருந்தேன். அடுத்த வரிகளை நான் அப்போது படித்திருக்கவில்லை. வாதத்தால் எதிர்கொள்ள முடிகிற வரைக்கும் அப்படிப்பட்டவர்களை அடக்குவது மிகவும் விவேகமற்ற செயல் என்கிறார். வாதத்துக்கு முஷ்டியால் பதில் சொல்ல ஆரம்பிக்கிறவர்களைப் பற்றித்தான் அவருடைய கவலை. அந்தப் பேச்சாளர் யாரையும் அடிக்கவில்லை, அடிக்கச் சொல்லவும் இல்லை. அபத்தமாகப் பேசினார், அவ்வளவுதான். என் மனு ஏற்கப்பட்டது. அரங்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. அன்று எனக்கு வெற்றியாகத் தெரிந்தது. சென்ற மாதம் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தபோது, இந்த வழியைத் திறந்துவிட்டவர்களில் நானும் ஒருவன் என்பது உறைத்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று அடுத்தவரைக் கேலி செய்வது எளிது. குடத்துக்கு விலை போட்டவனே நான்தான்.

சகிப்புத்தன்மை என்ற சொல்லோடு எனக்கு ஒரு சின்னப் பிணக்கும் உண்டு. வீட்டில் யாரைப் பார்த்து ‘கொஞ்சம் சகிச்சுக்கோ’ என்கிறோம்? பெரும்பாலும் எதிர்த்துப் பேச முடியாதவரைப் பார்த்துத்தான். பொது இடத்திலும் கதை அதுவே. ஆள்பலம் உள்ள தரப்பு கோபித்துக்கொள்கிறது, இல்லாத தரப்பு சகித்துக்கொள்கிறது. சமத்துவம் இல்லாத இடத்தில் சகிப்பு ஒரு பக்கத்துச் சுமையாகிவிடுகிறது. உலகப் பிரகடனத்தின் முதல் பிரிவில் ‘ஆண்கள்’ என்றும் பொருள் தரும் சொல் இருக்கக் கூடாது, ‘மனிதர்கள்’ என்றே இருக்க வேண்டும் என்று விடாமல் வாதாடி மாற்றவைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. ஒரு சொல்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. யார் கணக்கில் வருகிறார்கள் என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

ஆகவே தங்களிடம் கேட்பவை இவை. அனுமதி மறுப்பதாக இருந்தால் பேனாவால், கையெழுத்தோடு, எந்த விதியின் கீழ் என்று எழுதி ஒரு வாரத்துக்குள் தரச் சொல்லுங்கள். அப்போதுதான் மேல்முறையீடு என்ற ஒன்றுக்கு அர்த்தம் இருக்கும். மிரட்டல் வந்தால் அதைக் காவல்துறைக்கு அனுப்பிக் கூட்டத்துக்குப் பாதுகாப்புக் கேளுங்கள், கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். வன்முறைத் தூண்டல் என்ற சந்தேகம் உண்மையிலேயே எழுந்தால் அந்த ஆறு கேள்விகளையும் வைத்து முடிவெடுக்கப் பயிற்சி பெற்ற ஒரு குழு இருக்கட்டும். மேசையில் இருக்கும் ஊழியரின் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

படிவத்தின் பதினொன்றாம் கட்டம் ‘பேச்சின் முழு எழுத்துப்படி’ கேட்கிறது. அதை எடுத்துவிடுங்கள். மத நூல்கள் நீங்கலாக, அச்சுக்கு முந்தைய தணிக்கையை சுவீடன் 1766லேயே கைவிட்டுவிட்டது. பேசியது சட்டத்தை மீறியிருந்தால் பேசிய பிறகு கேளுங்கள், பதில் சொல்கிறோம். தவிர, எங்கள் ஆட்கள் பாதிப் பேர் எழுதி வைத்துப் பேசுகிறவர்களே அல்ல. அந்தக் கட்டத்தில் நான் இதுவரை எழுதி வந்ததெல்லாம் கற்பனைதான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று. அந்தத் தாய் சக்கர நாற்காலியில் வருபவர். அரங்கின் மேடைக்கு ஏழு படிகள், சாய்தளம் கிடையாது. இதற்கு முன் ஒரு முறை இங்கே பேச வந்தபோது அவர் கீழே தரையில் இருந்தே பேசினார். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குக் குரல் மட்டும்தான் கேட்டது, முகம் தெரியவில்லை. பேச்சுரிமை பற்றிய மனுவில் சாய்தளம் எதற்கு என்று தோன்றலாம். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்து, அடுத்த மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பென்சில் குறிப்புள்ள படிவத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நான் கொடுத்த அந்த மனு இன்னும் தங்கள் கோப்பில் இருக்கும். அதை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பேச்சாளர் மறுபடி விண்ணப்பித்தால் எங்களுக்குத் தரும் அதே விதியின்படி அவருக்கும் அரங்கம் கொடுங்கள். முன் வரிசையில் எனக்கு ஒரு இடம் வேண்டும். கேள்வி நேரத்தில் கேட்க நிறைய வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒருங்கிணைப்பாளர்,
மாதாந்திர விவாத வட்டம்.