யு.கே.ஜி. பிள்ளைக்கு 1930 எதற்கு? பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

போன வாரம் என் மகளின் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்திருந்தது: ‘சோஷியலில் வீக். தேவைப்பட்டால் டியூஷன் வைக்கவும்.’ அவளுக்கு ஐந்து வயது. இன்னும் செருப்பை இடது வலது மாற்றித்தான் போடுகிறாள்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கும் சமூக அறிவியல் புத்தகமும் அதற்கொரு வாய்மொழித் தேர்வும் வைத்திருக்கிறீர்கள். அது எப்படி வந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஜூன் மாதக் கூட்டத்தில் பேசித் தீர்த்த கதையை மறுபடி இழுக்கவில்லை. ‘பெற்றோர்தான் விரும்புகிறார்கள்’ என்று அன்று சொன்னீர்கள். ஐயா, நானும் பெற்றோர்தான். எனக்கு வேண்டாம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளிலிருந்து அந்தப் புத்தகத்தையும் அதற்கான வாய்மொழித் தேர்வையும் எடுத்துவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

தேர்வுக்கென்று இரண்டு பக்க ஜெராக்ஸ் கொடுத்து அனுப்புகிறீர்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதை வைத்துக்கொண்டு உட்காருகிறோம். வரிசையாகக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். நடுவில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் போச்சு, பதில்கள் எல்லாம் ஒவ்வொரு படி இறங்கிவிடும். முந்தாநாள் ‘நம்ம மாவட்டம் பேரு என்ன?’ என்று கேட்டேன். ‘டாக்டர் ராஜேந்திர பிரசாத்’ என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ‘தப்பா சொன்னா மிஸ் எல்லார் முன்னாடியும் நிக்க வைப்பாங்களா?’ என்று கேட்டாள். அப்புறம் வெகுநேரம் தூங்கவில்லை.

அதே தாளில் இன்னொரு கேள்வி: வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஆண்டு எது? விடை, 1930. கணக்கில் இந்த வருடம் நீங்கள் நூறு வரைக்கும்தான் எண்ணக் கற்றுத்தருகிறீர்கள். இந்த வயதுக்கு அது போதும். ஆனால் நூறைத் தாண்டாத பிள்ளையிடம் அடுத்த பீரியடில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதைக் கேட்கிறீர்கள். அவளுக்குப் போன தீபாவளியும் ‘நேத்து’தான், தாத்தா டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதும் ‘நேத்து’தான். இதில் 1930ஐ எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

அந்த ஆண்டை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். ராஜாஜியும் கூட வந்தவர்களும் உப்பு எடுப்பதற்காகத் திருச்சியிலிருந்து கிளம்பி நம் தஞ்சாவூர்ப் பக்கமாக வேதாரண்யம் வரைக்கும் நடந்தே போனார்கள், இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று வெள்ளைக்காரக் கலெக்டர் மிரட்டினார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இவ்வளவுதான் சொன்னேன். ‘குரங்கு எடுத்துட்டுப் போயிடாதா?’ என்றாள். அடுத்து, ‘கலெக்டருக்கு யாரும் சொல்லலையா?’ அடுத்து, ‘உப்பு கடையிலயே இருக்குமே, ஏன் நடந்தாங்க?’ இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சரித்திரம் என்ற ஒன்றே இருக்கிறது. உங்கள் தாளில் அதற்கு மார்க் கிடையாது, தெரியும்.

இதையெல்லாம் நான் சொந்தமாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மூன்று முதல் ஆறு வயதுவரை பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமே கூடாது என்று 2022இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம் சொல்கிறது. அது மத்திய அரசின் சமாசாரம், நமக்கு வேண்டாம் என்பீர்கள். சரி. நம் மாநிலப் பாடத்திட்டத்திலேயே சமூக அறிவியல் தனிப்பாடமாக வருவது மூன்றாம் வகுப்பில்தான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் சொல்லிவிட்டது. யு.கே.ஜி.யை அவர்கள் குறிப்பாகச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அதற்கும் போய் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பதாக இருக்கலாம்.

ஆனால் நம் பள்ளி வாசலில் நிற்கிற பிளெக்ஸ் வேறு மாதிரி நினைக்கிறது. ‘இன்றைய மழலை, நாளைய கலெக்டர்.’ ஆண்டு விழாவில் ஒரு குழந்தையை மைக் முன்னால் நிறுத்தி 28 மாநிலத் தலைநகரங்களையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்தீர்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. இறங்கி வந்த குழந்தை நேராகப் போய் அதன் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்த பெற்றோரையும் சேர்த்தே சொல்கிறேன், பழி உங்கள் மேல் மட்டும் இல்லை. வகுப்பு டீச்சர் மேல் நிச்சயமாக இல்லை. நாற்பது வாண்டுகளைச் சமாளித்து, மூக்கு துடைத்து, பாத்ரூம் அழைத்துப்போய், அதற்கிடையில் சத்தியாகிரகமும் நடத்து என்றால் அவர் என்ன செய்வார்? அவருக்கு நீங்கள் தருகிற சம்பளத்தைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். அது இப்போது வேண்டாம்.

அந்தப் பீரியடைச் சும்மா விடச் சொல்லவில்லை. பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்த போட்டோ ஒன்றும் இப்போதைய போட்டோ ஒன்றும் கொண்டுவரச் சொல்லுங்கள், எது முதலில் எது பிறகு என்று அவர்களே அடுக்கட்டும். வாரத்துக்கு ஒரு பாட்டியைக் கூப்பிட்டுக் கரண்ட் இல்லாத வீட்டில் ராத்திரி எப்படி இருந்தது என்று பேச விடுங்கள். பக்கத்துத் தெரு தபால் ஆபீசுக்கு வரிசையாகக் கூட்டிப்போய் ஒரு கார்டு போட வையுங்கள். எதற்கும் புத்தகம் வேண்டாம்.

அரையாண்டுத் தேர்வு கால அட்டவணை இன்னும் வரவில்லை. அது வருவதற்கு முன் எல்.கே.ஜி., யு.கே.ஜி. சமூக அறிவியல் தேர்வை ரத்து செய்து, புத்தகத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். முடிவு எதுவானாலும் வாட்ஸ்ஆப்பில் கட்டைவிரல் போடாமல், எழுத்தில் ஒரு சுற்றறிக்கையாகத் தந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
யு.கே.ஜி. மாணவி ஒருத்தியின் தாய்