முகக்கவசம் கொடுத்தால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரானைட் வெட்டும் தொழிலாளர்களின் நுரையீரல் பாதிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவர்களுக்கு முகக்கவசம் வழங்க வேண்டும் என்ற கோரிக்கையோடு முடிந்திருந்தது. கோவை வார்ப்பட ஆலைகளில் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்தக் கவசம், அதை எப்படி அணிவது என்று சொல்லாமல் விட்டால் அந்தக் கோரிக்கையால் பயனில்லை.

வீடு கட்டும் இடங்களில் கட்டிங் மெஷின் பிடிப்பவர் முகத்தில் கைக்குட்டை இருக்கிறது. இல்லையென்றால் மருத்துவமனையில் தருகிற நீல நிற மாஸ்க். கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கே ஓரளவு தடுத்துவிடும். கல்லிலிருந்து கிளம்பும், கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா என்ற கனிம நுண்துகள்தான் இவற்றைத் தாண்டி நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கித் தழும்பேற்றுகிறது. இப்படி வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. தெருவில் வீடு கட்டும் இடத்தில் இந்த நோயை யார் கணக்கெடுக்கிறார்கள்?

கவசம் வாங்கும்போது ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தர எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். அந்தத் தரத்தில் எஃப்எஃப்பி2 என்று குறிக்கப்படும் வகை, நுண்துகள்களில் குறைந்தது 94 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டைகள் உள்ளதே முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும். மூச்சை வெளியேவிடும் வால்வு வைத்த கவசம் கூடாது என்று 2020இல் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது, அணிந்திருப்பவரிடமிருந்து கிருமி வெளியேறாமல் இருப்பதற்காக. தூசிக்கு அந்தத் தடை பொருந்தாது. வெயிலில் வேலை செய்பவருக்கு வால்வு உள்ளதே சுகம்.

ஆனால் எவ்வளவு நல்ல கவசமும் ஓரத்தில் இடைவெளி விட்டால் வீண்தான். மேல்பட்டை உச்சந்தலையில், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில் இருக்க வேண்டும். கீழ்ப்பட்டை கழுத்தை உறுத்துகிறது என்று பலர் அதை முன்னால் தொங்கவிட்டுவிடுகிறார்கள். தாடைப் பக்கம் முழுக்கத் திறந்துகொள்கிறது. மூக்கின் மேலுள்ள தகட்டை ஒரு கையால் கிள்ளக் கூடாது. இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்திப் படியவைக்க வேண்டும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் கவசத்தை மூடிக்கொண்டு மூச்சை வேகமாக உள்ளே இழுத்துப் பார்க்கலாம். கவசம் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். கண்ணோரமோ கன்னமோ சில்லிட்டால் காற்று புகுகிறது என்று அர்த்தம். வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

சில நாள் தாடி இருந்தாலே கவசம் தோலில் படியாது. சபரிமலைக்கு மாலை போட்டவரை மழிக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அந்த நாட்களில் அவருக்குத் தூசியில்லாத வேலையைக் கொடுப்பதே மேஸ்திரியின் கடமை. யாராக இருந்தாலும், தண்ணீர் விட்டுக்கொண்டே கல்லை வெட்டினால் தூசி கிளம்புவதே பெருமளவு குறைந்துவிடும். கவசம் அதற்கு அடுத்ததுதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதே கவசத்தை நம்பி யாரையும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்காதீர்கள். இது விஷவாயுவை வடிகட்டாது, உள்ளே இல்லாத ஆக்சிஜனைத் தரவும் செய்யாது.

கவசம் சரியாகப் பொருந்துகிறதா என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. கவசம் அணிந்தவரின் தலைக்கு மேல் கூடாரம் போன்ற ஓர் உறையை மாட்டி, இனிப்பான சாக்கரின் கரைசலை உள்ளே தெளிப்பார்கள். நாக்கில் இனிப்புத் தெரிந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு முறை இத்தகைய பொருத்தச் சோதனை கட்டாயம். நம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் வருபவர்களுக்கு இதைச் செய்து காட்டலாமே. தாங்களும் அணியும் முறையைப் படங்களோடு வெளியிட வேண்டுகிறேன். அந்தப் பக்கத்தை எங்கள் பகுதியில் உள்ள ஹார்டுவேர் கடைகளில் ஒட்டிவைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்