மன்னித்தவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஃபரீத் அகமது அவர்களுக்கு,

வணக்கம். 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில், அல் நூர் பள்ளிவாசலில் நீங்கள் சக்கர நாற்காலியில் இருந்தீர்கள். பெண்களையும் குழந்தைகளையும் வெளியே கொண்டுபோய்ச் சேர்த்த உங்கள் மனைவி, உங்களைக் கூட்டிப்போகத் திரும்பி வந்தார். வந்த இடத்தில் துப்பாக்கியோடு வந்தவன் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். அங்கேயும் லின்வுட் பள்ளிவாசலிலுமாக 51 உயிர்கள் போயின.

கொன்றவனை மன்னித்துவிட்டதாகச் சில நாட்களிலேயே சொன்னீர்கள். மார்ச் 29 அன்று ஹாக்லி பூங்கா நினைவுக்கூட்டத்திலும் பேசினீர்கள். எரிமலையாய்க் கொதிக்கிற இதயம் எனக்கு வேண்டாம், அது தன்னையும் எரிக்கும், சுற்றியிருப்பதையும் எரிக்கும் என்றீர்கள். கேட்டு அழுதேன். அந்தப் பேச்சை எத்தனையோ பேருக்கு அனுப்பினேன்.

தம்பியைக் கொலைக்குப் பறிகொடுத்த தோழி ஒருத்திக்கும் அனுப்பினேன். "என்னால அப்படி முடியலையே, அப்போ நான் கெட்டவளா?" என்று கேட்டாள். ஆறுதலாக இருக்கும் என்றுதான் அனுப்பினேன். அவளுக்கோ அது இன்னொரு பாரமாகிவிட்டது. தப்பு உங்களுடையது இல்லை. எல்லோரும் உங்களைப் போல மன்னிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை. உங்கள் மனசை அளவுகோலாக்கியது நான்தான்.

அப்புறம் 2020 ஆகஸ்டில் கொலைகாரனுக்கான தண்டனை விசாரணை நான்கு நாட்கள் நடந்தது. மகனை இழந்த ஒரு தாய், அந்தக் கொலைகாரன் முகத்தைப் பார்த்து மன்னிக்கிறேன் என்றார். மகனை இழந்த இன்னொரு தாய் மன்னிக்க முடியாது என்றார். இருவரையும் நீதிமன்றம் ஒரே மரியாதையோடு கேட்டது. நானும் அப்படிக் கேட்கப் பழகியிருக்க வேண்டும்.

இரக்கம் என்றால் எனக்கு இப்போது நினைவுக்கு வருவது அந்த முதல் வாரம்தான். இறந்தவரைச் சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்பது உங்கள் மார்க்கம். ஆனால் உடல்களை அடையாளம் கண்டு ஒப்படைக்க நாட்கள் ஆயின. ஏற்கெனவே உடைந்து கிடந்த குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும்! மையத்துகளை, அதாவது இறந்த உடல்களை, குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்ற வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பெற்றவர்களாலேயே பார்க்கத் தாங்காத காயங்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கோபமா, மன்னிப்பா என்று அந்த வீட்டாரை விசாரித்துவிட்டா வந்தார்கள்? அடுத்த வெள்ளிக்கிழமை நாடு முழுக்க, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிபரப்பானபோது, ஹாக்லி பூங்காவில் தொழுதவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். பலருக்குத் தொழத் தெரியாது. சும்மா கூடவே நின்றார்கள்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அவள் தம்பியைப் பற்றிப் பேசினால் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் கொலைகாரனைச் சபிப்பாள். சரி, சபிக்கட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? மன்னிக்க முடியாது என்ற அந்தத் தாயைப் பார்க்க நேர்ந்தால், தூரத்தில் ஒருவர் அவருக்கும் சலாம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேச்சைக் கேட்ட ஒருவர்